கைப்பேசியே பார்கோடு ஸ்கேனர் ஆகுமா?

பெரம்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: “கடைக் கம்ப்யூட்டரில் பில் போடுகிறோம். தனியாக ஸ்கேனர் வாங்காமல், ஆண்ட்ராய்டு போனில் ஓர் ஆப் மூலம் சமாளிக்க முடியுமா?”

சரக்கு இருப்பைக் கணக்கெடுக்கத் தாராளமாக முடியும். ஆனால், மாத முதல் வாரத்து மாலை நேரக் கூட்டத்தில் பில் போட அதை மட்டும் நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

ஸ்கேனர் தன் ஒளியைத் தானே பாய்ச்சிக் கோடுகளைப் படிக்கிறது. போனோ கடையில் இருக்கும் வெளிச்சத்தில் படம் எடுத்து, அந்தப் படத்துக்குள் கோடுகளைத் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே, சுருங்கிய சிப்ஸ் பாக்கெட்டிலும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்துவிடும் தயிர் கப்பிலும் அது திணறும். நடுவில் அழைப்பு வந்தால் வேலையும் நின்றுவிடும்.

ஆப்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, படித்த எண்களைப் போனிலேயே பட்டியலாகச் சேமிக்கும். கணக்கெடுப்புக்கு இது போதும். மற்றொன்று, கீபோர்டில் தட்டியதைப் போல எண்ணைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். இதற்குப் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் ஒரு துணை மென்பொருளை நிறுவி, இரண்டையும் ஒரே வைஃபையில் இணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதலான பல போன்களில் புளூடூத் வழியாகவும் இது நடக்கும். எண்ணுக்குப் பின் ‘என்டர்’ தானாக விழும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கேமரா அனுமதி தேவைதான். தொடர்புகளையும் குறுஞ்செய்திகளையும் கேட்கும் ஆப்பை நீக்கிவிடுங்கள்.

எந்தக் கருவியானாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: மளிகைப் பொருள்களின் பார்கோட்டில் விலை கிடையாது. பொதுவாக 13 இலக்க எண் மட்டுமே இருக்கும். 890 என்ற தொடக்கம், அந்த எண் இந்தியப் பதிவின் கீழ் வழங்கப்பட்டதைக் காட்டுகிறதே தவிர, பொருள் இங்கே தயாரானது என்பதை அன்று. கடைசி இலக்கம், முந்தைய 12 இலக்கங்களும் சரியாகப் படிக்கப்பட்டனவா என்று சோதிப்பதற்கானது. பெயரும் விலையும் உங்கள் பில்லிங் மென்பொருளில்தான் இருக்க வேண்டும். அதே எண்ணில் பழைய சரக்கு 48 ரூபாய் எம்.ஆர்.பி.யிலும் புதியது 52 ரூபாயிலும் அடுக்கில் கலந்திருக்கலாம். இரண்டு விலைகளையும் தனித்தனியே வைத்து, பில் போடும்போது எது என்று கேட்கும் வசதி உங்கள் மென்பொருளில் உண்டா என்பதை முதலில் பாருங்கள். பலர் ஆப்பைக் குறை சொல்லும் இடத்தில் உண்மையான சிக்கல் இதுவாகவே இருக்கிறது.

நீங்களே எடைபோட்டுக் கட்டும் பருப்பு, மிளகாய்க்கு 20 முதல் 29 வரையிலான எண்களில் தொடங்கும் பார்கோடுகளை அச்சிடலாம். அவை கடையின் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பொருள்களைப் போனில் படித்துப் பாருங்கள். அடம்பிடிக்கும் ஐந்தாறு பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குச் சென்று, யுஎஸ்பி ஸ்கேனரில் அவற்றையே படிக்கச் சொல்லிச் சோதித்த பிறகு வாங்குங்கள். க்யூஆர் குறியீடுகளையும் படிக்க வேண்டுமென்றால், கோடுகளை மட்டும் படிக்கும் லேசர் வகை உதவாது. ‘2டி’ வகையைக் கேளுங்கள்.