1638 பிரதியில் ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘லிசிடஸ்’ கவிதைக்கு முன்குறிப்பு இல்லை, பக்கம் தொலைந்ததா?

பக்கம் எதுவும் தொலையவில்லை. மதகுருக்களின் வீழ்ச்சியை முன்னறிவிப்பதாகச் சொல்லும் அந்தக் குறிப்பு 1638 அச்சில் இருந்ததே இல்லை. மில்டன் அதைத் தன் 1645 கவிதைத் தொகுப்பில்தான் சேர்த்தார்.

காரணம் பெரும்பாலும் காலச்சூழல்தான். 1638 நூல், 1637 ஆகஸ்டில் கடலில் மூழ்கி இறந்த மில்டனின் நண்பர் எட்வர்ட் கிங்குக்காகக் கேம்பிரிட்ஜில் அச்சான இரங்கற்பாத் தொகுப்பு. அப்போது எதை அச்சிடவும் அனுமதி வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயர் லாட் உச்ச அதிகாரத்தில் இருந்தார். 1645 ஜனவரியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. அப்புறம் வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது. ஆனால் பசித்த ஆடுகளைக் கவனிக்காத மேய்ப்பர்களை, அதாவது மதகுருக்களை, புனித பேதுரு சாடும் பகுதி 1638-லேயே இருக்கிறது! நண்பனுக்கான இரங்கற்பாவில் அவ்வளவு கோபத்தை வைத்த துணிச்சல் என்னை இன்றும் அசைக்கிறது.

சரி, எப்படி உறுதிசெய்வது? ஆங்கிலப் பகுதியின் கடைசிக் கவிதைக்குப் போங்கள். அடியில் முழுப் பெயர் இல்லாமல் ‘ஜே. எம்.’ என்று மட்டும் இருந்தால் அது 1638 பாடம், அதாவது அந்த அச்சின் வடிவம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மில்டனின் கையெழுத்துப் பிரதியில் குறிப்பின் முதல் வாக்கியம் உண்டு, மதகுருக்கள் பற்றிய வாக்கியம் கிடையாது. இன்றைய பதிப்புகளில் இவை கலந்து வரலாம். எந்தப் பாடத்தை எடுத்தார்கள் என்று பதிப்பாசிரியர் உரையில் பார்த்துவிட்டு மேற்கோள் காட்டுங்கள்.