திருகோணமலையில் வாலிபர் முகாம்: கடல் கடந்து வரும் குழு கவனிக்கவேண்டியவை

கேள்வி: கனடாவின் ஸ்காபரோவிலுள்ள ஒரு தமிழ்ச் சபையில் வாலிபர் தலைவியாக இருக்கிறேன். வரும் ஓகஸ்டில் எங்கள் வாலிபர்கள் பதினான்கு பேரோடு திருகோணமலைக்கு வந்து, மூன்று நாள் முகாம் நடத்தித் தரும்படி அங்குள்ள சபை கேட்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. பாடல், நாடகம், சாட்சி, அன்பளிப்பு எல்லாம் ஆயத்தமாகின்றன. வேறென்ன பார்க்கவேண்டும்?

பதில்: தங்கச்சி, உங்களை அழைத்த போதகரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள். அங்குள்ள வாலிபரில் யார் இந்த முகாமை நடத்தப்போகிறார்கள்? "நீங்கள்தானே" என்று சொன்னால், நிகழ்ச்சி நிரலை ஒருபக்கம் வைத்துவிட்டு அவரோடு இன்னொரு முறை இருந்து பேசுங்கள். மூன்றாம் நாள் பின்னேரம் நீங்கள் வான் ஏறிவிடுவீர்கள். அடுத்த ஞாயிறு பாடசாலையில் அந்தப் பிள்ளைகளோடு இருக்கப்போவது அந்தச் சபையின் உப்புவெளி அக்காவும் மூதூர் அண்ணாவும்தான். வேதபாடம், சிறுகுழு, இரவு ஜெபம் மூன்றும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். பாட்டு, விளையாட்டு, கைவேலை உங்கள் குழுவுக்கு. சிறுகுழு ஒவ்வொன்றிலும் உங்கள் பிள்ளை ஒருவர் உதவிக்கு இருந்தால் போதும்.

மொழியை லேசாக எடுக்கவேண்டாம். உங்கள் தம்பி ஒருவர் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் உருகிச் சாட்சி சொல்வார். மொழிபெயர்ப்பவர் அதை இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார். பிள்ளைகள் மொழிபெயர்ப்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போதே ஒவ்வொருவரும் தன் சாட்சியை இரண்டு நிமிடத் தமிழில் எழுதி, வீட்டில் அப்பம்மாவிடமோ அம்மம்மாவிடமோ சொல்லிப் பழகட்டும். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டால் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கலாம். உச்சரிப்புப் பிழைத்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், திருத்தியும் விடுவார்கள். அந்த இடத்தில் பழக்கம் தொடங்கிவிடும்.

விசாவைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். இணையத்தில் எடுக்கும் சுற்றுலா விசா மதப் பணிக்கானது அல்ல. என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுத்து, அழைக்கும் சபையின் தலைமையகம் ஊடாகக் கிறிஸ்தவ மத அலுவல்கள் திணைக்களத்திடமும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடமும் எந்த விசா வேண்டும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தன் மதத்தைப் பின்பற்றவும் வெளிப்படுத்தவும் இலங்கை அரசியலமைப்பில் உரிமை உண்டு. ஆனால் மதத்தைப் பரப்புவது அடிப்படை உரிமையாகப் பாதுகாக்கப்படவில்லை என்று 2003இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. வீதியில் துண்டுப்பிரசுரம் கொடுப்பது, கடற்கரையில் நாடகம் போடுவது போன்றவற்றைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதனால் வரும் சிக்கல் உங்கள் விமானத்தோடு போகாது, உள்ளூர்ச் சபையின் வாசலில்தான் நிற்கும்.

அன்பளிப்பு பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்லவேண்டும். இங்கே ஒரே ஒழுங்கையில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கும். முகாமுக்கு வந்த பிள்ளை புதுப் பையும் சொக்லேட்டுமாக வீட்டுக்குப் போகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்க்கிறாள். அடுத்த நாள் அவளும் முகாம் வாசலில் வந்து நிற்கிறாள், அவள் தாய்க்கு அது தெரியாது. பையில் வேதவசனமும் அச்சடித்திருந்தால் அந்தத் தாய் என்ன நினைப்பார்? 2004 சுனாமிக்குப் பிறகு, உதவியைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நாட்டில் பலமாக எழுந்தது. அந்தச் சந்தேகத்துக்கு நாமே விறகு போடக்கூடாது. பொருளாகக் கொடுப்பதென்றால் சபைக்குக் கொடுங்கள்: ஒரு கிற்றார், பந்துகள், பாட்டுப் புத்தகம். கிறிஸ்தவப் பிள்ளையோ வேற்று மதப் பிள்ளையோ, இது கிறிஸ்தவ முகாம் என்று தெளிவாக எழுதிய படிவத்தில் பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் யாரையும் சேர்க்கவேண்டாம். சாப்பாட்டில் மாட்டிறைச்சி வேண்டாம், வெள்ளிக்கிழமை மரக்கறி.

ஓகஸ்டில் கச்சான் காற்று வறட்டி எடுக்கும். பத்து மணிக்குப் பிறகு வெயிலில் ஓட்ட விளையாட்டு வைக்காதீர்கள், தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அந்த மாதம் நிலாவெளிக் கடல் அமைதியாகக் கிடக்கும். அதை நம்பிப் பிள்ளைகளை இறக்கிவிடவேண்டாம். குளிப்பதென்றால் இடுப்பளவு நீரோடு நிற்கவேண்டும், நீந்தத் தெரிந்த பெரியவர்கள் கடல் பக்கம் நிற்கவேண்டும், இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணவேண்டும். அவசர அம்புலன்சுக்கு 1990. பிள்ளைக்குத் துன்புறுத்தல் என்று தெரிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. இரண்டு இலக்கமும் எல்லாத் தலைவர்களின் போனிலும் இருக்கட்டும்.

ஆராதனை வாசலில் யாராவது பையைத் திறந்து பார்த்தால் உங்கள் பிள்ளைகள் முகம் சுளிக்கக்கூடாது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலில், ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகளும் இறந்தார்கள். வரும் முன்னரே இதை அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

பெற்றோரின் அனுமதி இல்லாமல் பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை முகநூலில் போடாதீர்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு உங்கள் குழுவினர் எவரும் முகாம் பிள்ளைகளோடு தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பேசக்கூடாது, பேச்செல்லாம் உள்ளூர் வாலிபர் தலைவர் இருக்கும் குழுவில் நடக்கட்டும். அடுத்த வருடமும் வருவதாகப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். வர முடிந்தால், அதைப் போதகர் அவர்களுக்குச் சொல்லுவார்.