பதில்: '29' என்று போட்ட ஃபெங் ட்ஸிகாய் நூல் முதல் பதிப்பா?

சீன ஓவியர் ஃபெங் ட்ஸிகாயின் படத்தொகுப்பு ஒன்றில் '29' என்று இருப்பதால், அது 1929இல் வந்த முதல் பதிப்பு என்று கடைக்காரர் சொன்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். அதை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் இருக்கும் 29, 1912ஐ முதல் ஆண்டாக வைத்து எண்ணும் சீனக் குடியரசு ஆண்டாகவே இருக்கும். அதோடு 1911ஐக் கூட்டினால் 1940, 1929 அல்ல.

நீங்கள் எண்ணிச் சொன்ன 60 படங்களும் அதற்குப் பொருந்துகின்றன. உயிர்களைக் காக்கச் சொல்லும் இந்த ஓவியத் தொகுப்பில் படங்களின் எண்ணிக்கை, ஓவியரின் ஆசிரியரான பௌத்தத் துறவி ஹொங்யியின் வயதைப் பின்பற்றியது. 1929இல் வந்த முதல் தொகுதியில் 50, 1940இல் வந்த இரண்டாவதில் 60. அவர் 1942இல் மறைந்த பிறகும் 70, 80, 90, 100 என்று தொடர்ந்து, மொத்தம் 450. கடைசித் தொகுதி 1979இல் சிங்கப்பூரில் அச்சானது; ஓவியர் அதற்கு 4 ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்.

எண்ணும்போது எதிர்ப்பக்கத்துக் கவிதையைச் சேர்க்காதீர்கள், படங்களை மட்டும் எண்ணுங்கள். முதல் இரண்டு தொகுதிகளில் கவிதைக் கையெழுத்து ஹொங்யியுடையது. மூன்றாவதிலிருந்து வேறு கைகள்.

இன்னொன்று: முன்னுரைத் தேதியை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மறுபதிப்பிலும் அது அப்படியே இருக்கும். பதிப்பு விவரத்தில் இரண்டு மூன்று தேதிகள் இருந்தால், கடைசித் தேதிதான் உங்கள் பிரதியுடையது. அங்கே எளிமையாக்கிய சீன எழுத்துகள் தெரிந்தால் பெரும்பாலும் 1950களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய அச்சு, பழைய விலை கொடுக்காதீர்கள்.