நைலோன் வலையும் காந்தமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் இறுதி வருடம் படிக்கிறேன், ஊர் களுவாஞ்சிகுடி. திண்மநிலை என்.எம்.ஆர். (திண்மப் பொருளைக் காந்தப்புலத்தில் வைத்து, அதன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையால் உள்ளமைப்பை அறியும் முறை) பற்றி நீங்கள் எழுதியதை வாசித்ததிலிருந்து, பல்பகுதியங்களில் (பொலிமர்களில்) அதைச் செய்ய வேண்டும் என்று ஆசை. அது பௌதிகவியல்காரர் வேலை, நம்மைப் போன்றவர்கள் போனால் கடைசிவரை மெசின் ஓட்டுவதுதான் மிச்சம் என்கிறார்கள் மூத்த மாணவர்கள். வாவியில் வலை போடும் அப்பா, "அந்தப் படிப்பால நமக்கு என்ன மகள்?" என்கிறார். என்ன சொல்லட்டும்?

– ஒரு வாசகி

அன்பின் மகள்,

அப்பாவின் கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் கனமான கேள்வி. அவர் கையில் இருக்கும் நைலோன் வலையே பல்பகுதியம்தானே. இழைக்குள் மூலக்கூற்றுச் சங்கிலிகள் சில இடங்களில் ஒழுங்காக அடுக்கிப் பளிங்காகக் கிடக்கும், மற்ற இடங்களில் தாறுமாறாகக் கிடக்கும். தண்ணீர் பளிங்குக்குள் போகாது, தாறுமாறான பகுதிக்குள் நுழைந்து சங்கிலிகளுக்கு இடையிலுள்ள ஐதரசன் பிணைப்புகளைக் குலைத்துவிடும். நைலோன் 6 நன்றாக ஊறினால் தன் நிறையில் 9 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் குடிக்கும். காய்ந்திருக்கும்போது சுமார் 50 பாகை செல்சியஸில்தான் இளகத் தொடங்கும் அந்தத் தாறுமாறான பகுதி, ஊறியபின் சாதாரண வெப்பநிலையிலேயே ஆடும். (வெயிலில் கிடந்து வலை நொந்துபோவது வேறு கதை, அங்கே புற ஊதாக் கதிர் சங்கிலியையே அறுக்கிறது.) எந்தப் பகுதி எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதை இழையைக் கரைக்காமலே பார்க்கலாம் என்பதுதான் திண்மநிலை என்.எம்.ஆரின் பலம். கரைத்துவிட்டால் அந்த அடுக்கே போய்விடும், பிறகு எதைப் பார்ப்பது?

பௌதிகவியலா இரசாயனவியலா என்ற சண்டை எனக்குப் பிடிக்கவில்லை. 1945 டிசம்பரில் ஹார்வர்டில் பேர்செல் குழுவினர் முதன்முதலில் இந்தச் சமிக்ஞையைப் பிடித்தபோது காந்தத்துக்குள் வைத்திருந்தது பரபின் மெழுகு, அதாவது வெறும் காபன், ஐதரசன் சங்கிலி. ஆனால் திண்மத்தில் மூலக்கூறுகள் திரவத்தில் போல உருண்டு புரள்வதில்லை, அதனால் சமிக்ஞை அகன்று பரந்து ஒன்றும் புரியாமல் வரும். மாதிரியைக் காந்தப்புலத்துக்கு 54.7 பாகை சாய்த்துச் சுழற்றினால் அது ஒடுங்கும் என்று 1958இல் அன்ட்ரூவும் அடுத்த வருடம் லோவும் காட்டினார்கள். காபனில் 1.1 சதவீதம் மட்டுமே இருக்கும், என்.எம்.ஆரில் தெரியும் காபன்-13க்கு, நிறைய இருக்கும் புரோத்தன்களிடமிருந்து (ஐதரசன் கருக்களிடமிருந்து) முனைவாக்கத்தை, அதாவது சமிக்ஞைக்குப் பலம் தரும் கருக்களின் ஒருங்கமைவை, மாற்றிக் கொடுக்கும் வழியை 70களின் தொடக்கத்தில் பைன்ஸ், கிப்பி, வோ மூவரும் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் சேர்த்து ஷேஃபரும் ஸ்டெஸ்கலும் 1976இல் எதில் செய்துகாட்டினார்கள் என்று பாருங்கள்: பல்பகுதியங்களில்! இதில் எந்த இடத்தில் கோடு கிழிப்பது?

மெசின் ஓட்டுவது என்று இளக்காரமாகச் சொல்பவர்கள், பரிசோதிக்கும் மாதிரியைத் தாங்களே குழாயில் அடைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சேர்கோனியா என்ற கடினமான பீங்கான் வகையில் செய்த, 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள குட்டிக் குழாய். அதற்குள் பொடியை இடைவெளி இல்லாமல் அமுக்கி மூடியிட்டு, அடி விளிம்பில் பாதிக்குக் கறுப்பு மை பூசுவோம், ஒளிக்கற்றை அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் வேகத்தை எண்ணும். பிறகு அழுத்தக் காற்றில் செக்கனுக்கு 10,000 சுற்று. ஒரு பக்கம் கூட அடைத்திருந்தால் ஆட்டம் கண்டு சுழலாமலே நிற்கும், மோசமானால் குழாயே உடையும். இந்தக் கைப்பழக்கம் இல்லாதவர் எடுத்த நிறமாலையை (சமிக்ஞையின் வரைபை) நான் லேசில் நம்ப மாட்டேன்.

ஆனாலும் அவர்கள் சொல்வதில் ஒரு பயம் நியாயமானது. கருவியை மட்டும் பிடித்துக்கொண்டு போனவர்கள் சிலர், அடுத்த பெரிய காந்தம் வரும்வரை காத்திருந்தே காலத்தைக் கழித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள், றப்பராகட்டும் நைலோனாகட்டும். வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலை அரைத்துக் கடதாசி செய்த ஊர்க்காரர் நாம், வைக்கோலின் செலுலோசையே எடுக்கலாமே. இயற்கைச் செலுலோசு ஒரே பளிங்கல்ல, இரண்டு வகைப் பளிங்குகளின் கலவை என்று 1984இல் அட்டாலாவும் வான்டர்ஹார்ட்டும் கண்டது காபன்-13 திண்மநிலை என்.எம்.ஆரால்தான்.

இதற்கு வெளிநாடு போகத்தான் வேண்டிவரும். சரி, விண்ணப்பிக்கும்போது எத்தனை தெஸ்லாக் (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தம் இருக்கிறது என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். மாதிரியைத் தயாரிப்பது யார் என்று முதலில் கேளுங்கள். யாரோ அனுப்பும் பொடியை அடைத்துக் கொடுப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்று தெரிந்தால், வேறு குழுவைப் பாருங்கள்.