வாசகர் கேள்விகள்: அமெரிக்க அரசியல் சாசனம் எந்தச் சண்டையில் பிறந்தது?

கேள்வி: அமெரிக்கா 1776-லேயே சுதந்திரம் அறிவித்துவிட்டது. ஆனால் சாசனம் எழுதியது 1787-ல்தான். நடுவில் 11 வருஷம் ஆட்சி எப்படி நடந்தது? (வாசகர், விருதுநகர்)

தள்ளாடித்தான் நடந்தது. 13 மாநிலங்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன, 1781-ல் அது முறையாக நடைமுறைக்கு வந்தது. மத்தியில் காங்கிரஸ் என்று ஒரு சபை இருந்தது, ஆனால் அதற்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. இவ்வளவு பணம் அனுப்புங்கள் என்று மாநிலங்களிடம் கேட்கலாம், அவை அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நிர்வாகத்துக்குத் தலைவராக ஓர் அதிபரும் இல்லை. ஒப்பந்தத்தில் எதையாவது திருத்த வேண்டுமென்றால் 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிச் சரக்குக்கு 5 சதவீத வரி போட்டுப் போர்க்கடனை அடைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, 1782-ல் ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் முடியாது என்று சொல்லிவிட்டது, அந்த யோசனை அப்போது நிறைவேறாமல் போனது.

இதில் அடிபட்டவர்கள் போரில் துப்பாக்கி தூக்கிய சாதாரண விவசாயிகள். அவர்களுடைய சம்பள பாக்கி ஒழுங்காக வரவில்லை, ஆனால் மாசசூசெட்ஸ் மாநில அரசு தன் கடனை அடைக்க அவர்களிடமே ரொக்கமாக வரி கேட்டது, கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், நிலங்கள் கைமாறின. 1786-ல் மாநிலத்தின் மேற்குப் பகுதி விவசாயிகள் திரண்டு வந்து கோர்ட்டுகளை நடக்கவிடாமல் மறித்தார்கள். அவர்களில் ஒருவரான டேனியல் ஷேஸ் சுதந்திரப் போரில் கேப்டனாக இருந்தவர். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கி அவர்கள் போனபோது காவலுக்கு நின்ற மாநிலப் படை பீரங்கியால் சுட்டது, 4 பேர் செத்தார்கள். கலகத்தை ஒடுக்கப் புறப்பட்ட மாநிலப் படைக்குப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? பாஸ்டன் வணிகர்கள். மத்திய அரசால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சொத்துள்ளவர்களை இது நன்றாகவே பயமுறுத்திவிட்டது, மாநிலங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடி ஒப்பந்தத்தைத் திருத்தியே ஆக வேண்டும் என்ற அவசரம் அப்புறம்தான் வந்தது.

கேள்வி: பழைய ஒப்பந்தத்தைத் திருத்தத்தான் அவர்களை அனுப்பினார்களாம், போனவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு புதிதாகவே எழுதிவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? (வாசகி, கும்பகோணம்)

உண்மை. திருத்துவதற்கு மட்டும்தான் கூட்டம் என்று காங்கிரஸ் தீர்மானம் சொன்னது. 1787 மே 25-ம் தேதி முதல் செப்டம்பர் 17 வரை நடந்த கூட்டத்துக்கு 12 மாநிலங்களிலிருந்து மொத்தம் 55 பேர் வந்து போனார்கள். ரோட் ஐலண்ட் ஆள் அனுப்பவே இல்லை. உள்ளே பேசுவது வெளியே போகக்கூடாது என்று விதி வைத்து, கோடைக்காலத்திலும் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். அன்றைக்கு என்ன பேசினார்கள் என்று நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவதற்குக் காரணம் வர்ஜீனியா பிரதிநிதி ஜேம்ஸ் மாடிசன் தினமும் எழுதி வைத்த குறிப்புகள். அவை அச்சில் வந்தது 1840-ல், அவர் இறந்த பிறகு. மக்களுக்காக எழுதும் சாசனத்தை மக்களுக்குத் தெரியாமல் எழுதியது எனக்கு உறுத்தலான விஷயம்தான், ஆனால் ஜன்னல் திறந்திருந்தால் யாரும் தன் பிடியைத் தளர்த்தி எதிராளி சொல்வதை ஏற்றிருக்க மாட்டார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் பெரிய மாநிலம், சின்ன மாநிலம் சண்டை அவ்வளவு மோசமாக இருந்தது. மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் வேண்டும் என்றது வர்ஜீனியா. சம ஓட்டை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று டெலவேர் தன் பிரதிநிதிகளுக்கு எழுத்திலேயே உத்தரவு கொடுத்து அனுப்பியிருந்தது. எங்களை நசுக்கினால் வெளிநாட்டோடு கை கோத்துக்கொள்வோம் என்ற அளவுக்கு டெலவேரின் கன்னிங் பெட்ஃபோர்டு பேசினார். கடைசியில் ஜூலை 16 அன்று ஒரு சமரசம்: பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி இடம், செனட்டில் மாநிலத்துக்குச் சமமாக. 5 மாநிலம் ஆதரவு, 4 எதிர்ப்பு, மாசசூசெட்ஸ் உள்ளுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரே ஓட்டு வித்தியாசம்! மாடிசன் அதைக் கடுமையாக எதிர்த்தவர். இன்றைக்கு 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் ஏறக்குறைய 4 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் தலா 2 செனட்டர்கள் என்றால், அந்த ஒரு ஓட்டுதான் காரணம். இதை உயர்ந்த கூட்டாட்சித் தத்துவம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும்போது எனக்கு ஒப்புவதில்லை, அது பேரம், நல்ல பேரமா கெட்ட பேரமா என்று இன்னும் அங்கே விவாதம் நடக்கிறது.

கடைசி நாளில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சாசனத்தைத் தோலில் அழகாக எழுதி முடித்து, கையெழுத்துப் போட எல்லாரும் கூடியிருக்கிறார்கள். 40,000 பேருக்கு ஒரு பிரதிநிதிக்கு மேல் கூடாது என்றிருப்பதை 30,000 என்று மாற்றலாமா என்று மாசசூசெட்ஸ் பிரதிநிதி நதானியேல் கோரம் கேட்டார். நான்கு மாதமாகத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து விவாதத்தில் வாயே திறக்காத ஜார்ஜ் வாஷிங்டன் எழுந்து, சேர்த்துக்கொள்ளுங்கள், மக்களுக்குப் பாதுகாப்பு கூடும் என்று பேசினார். உடனே ஒத்துக்கொண்டார்கள். எழுத்தர் ஜேக்கப் ஷாலஸ் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மாற்றி எழுதினார். முதல் பக்கம் 15-வது வரியில் அழித்து எழுதப்பட்டிருக்கிறது என்ற குறிப்பும் கையெழுத்துகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் 39 பேர். கடைசிவரை இருந்தும் மறுத்தவர்கள் 3 பேர், அதில் ஜார்ஜ் மேசன் கேட்டது குடிமக்களின் உரிமைப் பட்டியல். அதை அன்று தள்ளிவிட்டார்கள். ஆனால் மாநிலங்களில் ஒப்புதல் கேட்டுப் போனபோது மக்கள் அதையே கேட்டார்கள், மாசசூசெட்ஸில் 187-க்கு 168, நியூயார்க்கில் 30-க்கு 27 என்று தட்டுத்தடுமாறித்தான் நிறைவேறியது. 1791-ல் சேர்ந்த முதல் 10 திருத்தங்கள் அந்த நெருக்கடியில் பிறந்தவை.

கேள்வி: எல்லா மனிதரும் சமம் என்று அறிவித்தவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்களே, சாசனம் அதைப் பற்றி என்ன செய்தது? (வாசகர், திண்டுக்கல்)

காப்பாற்றியது. பிரதிநிதிகள் சபையில் இடங்களைக் கணக்கிட, அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். ஓட்டுப் போட முடியாத, சந்தையில் விற்கப்பட்ட மனிதர்களின் தலையை எண்ணி அவர்களை விற்றவர்களுக்குக் கூடுதல் இடம். வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 வரை காங்கிரஸ் தடுக்க முடியாது. தப்பி ஓடியவர் வேறு மாநிலத்துக்குப் போனாலும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவில் 10 பேரில் ஏறக்குறைய 4 பேர் அடிமைகள். அந்த மண்ணிலிருந்து வந்த வாஷிங்டன், மாடிசன், மேசன் மூவரும் அடிமைகளை வைத்திருந்தார்கள், அதே மேசன்தான் அடிமை வியாபாரத்தைச் சபையில் கடுமையாகத் திட்டியவர். தெற்கு மாநிலங்கள் சேராமல் போய்விடும் என்பதற்காகச் செய்த விட்டுக்கொடுப்பு என்று சொல்வார்கள். சரி, ஆனால் விட்டுக்கொடுத்தது தங்களுடைய எதையும் அல்ல. ஓர் உள்நாட்டுப் போர் நடந்த பிறகுதான் 1865-ல் 13-வது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது.

கேள்வி: அதிபர், காங்கிரஸ், உச்ச நீதிமன்றம் மூன்றில் யார் பெரியவர்? (வாசகர், ஈரோடு)

யாரும் இல்லை, அப்படி இருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடே. காங்கிரஸ் போடும் சட்டத்தை அதிபர் வீட்டோ செய்யலாம், அதாவது நிராகரிக்கலாம், இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் அதை மீறலாம். நீதிபதியை நியமிப்பவர் அதிபர், செனட் சம்மதிக்க வேண்டும். சட்டம் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் மட்டும் சாசனத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை, 1803-ல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அதை நிலைநாட்டினார்.

கேள்வி: நம் சாசனம் அங்கிருந்து எடுத்துக்கொண்டது என்ன? (வாசகி, வேலூர்)

அடிப்படை உரிமைகளை எழுதி வைப்பதும், அவற்றைக் கோர்ட்டு காப்பாற்றுவதும். எடுக்காமல் விட்டது ஒன்று உண்டு, அதைத்தான் முக்கியமாகச் சொல்வேன். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கும் சட்டம் நியாயமானதா என்று அமெரிக்க நீதிபதிகள் கேட்கலாம். நம் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என்.ராவ் அங்கே போய் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தபோது, அந்த அதிகாரத்தைக் கோர்ட்டுக்குக் கொடுக்காதீர்கள் என்று அவர் சொன்னார். அதனால் நம் 21-வது பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறை இருந்தால் போதும் என்று எழுதப்பட்டது. விளைவு உடனே தெரிந்தது: தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் மெட்ராஸ் மாநில அரசை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், நடைமுறை இருக்கிறது, அதற்கு மேல் பார்க்க மாட்டோம் என்று 1950-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடைமுறையும் நியாயமாக இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் மேனகா காந்தி வழக்கில் சொன்னது 1978-ல்.