பிஎஸ்6 டீசல் வண்டிக்கு 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் ஊற்றலாமா?

கையேட்டில் 5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3 (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர்கள் சங்கத்தின் ஆயில் தரம்) என்று இருக்கிறது, மெக்கானிக் 15டபிள்யூ-40 போதும் என்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் நண்பரே. டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பது; பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை. அதைவிட உங்களுக்கு முக்கியம் அந்த சி3தான். உங்கள் வண்டியின் புகைப்பாதையில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி நல்ல சூட்டில் எரிந்துவிடும். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். சி3 ஆயிலில் சல்பேட் சாம்பல் அதிகபட்சம் 0.8 சதவீதம்தான், பழைய டீசல் ஆயில்கள் பலவற்றில் 1 சதவீதத்தைத் தாண்டும். அடைத்த வடிகட்டியை மாற்றுவது பெரிய செலவு. டப்பாவின் பின்பக்கம் சி3 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, நீங்களே வாங்கிக் கொடுங்கள்.