லாக் நட் போட்டால் சக்கரம் தப்பிவிடுமா?

கேள்வி: என் காருக்கு அண்மையில் அலாய் வீலும் புதிய டயர்களும் போட்டேன். வீட்டில் கார் நிறுத்த இடமில்லை. இரவு முழுவதும் தெருவோரத்தில்தான் நிற்கிறது. போன வாரம் அடுத்த தெருவில் ஒரு காரின் நான்கு சக்கரங்களையும் கழற்றிக்கொண்டு, காரைக் கற்களின்மேல் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். லாக் நட் வாங்கிப் போட்டால் போதுமா? எல்லா நட்டுகளையும் லாக் நட்டாக மாற்றிவிடு என்கிறார் நண்பர். காரில் அலாரம் இருக்கிறதே, அது ஒலிக்காதா?

பதில்: லாக் நட் கட்டாயம் போடுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். எல்லா நட்டுகளையும் மாற்றத் தேவையில்லை, சக்கரத்துக்கு ஒன்று போதும். அலாரத்தைப் பொறுத்தவரை, அது ஒலிக்கும் என்று நம்பித் தூங்கப் போக வேண்டாம்.

சக்கரம் திருடுகிறவன் கதவைத் தொடுவதில்லை, கண்ணாடியை உடைப்பதில்லை. கார் தரையில் நிற்கும்போதே முதலில் நட்டுகளைத் தளர்த்திவிடுகிறான். பிறகு ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, அடியில் கல்லோ மரக்கட்டையோ முட்டுக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் போகிறான். பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் கையில் இருந்தால் ஒரு நட்டுக்குச் சில விநாடிகள்தான். பழகிய இரண்டு பேர் சேர்ந்தால் நான்கு சக்கரங்களும் சில நிமிடங்களில் போய்விடும். காருக்கு இருப்பதுபோல் சக்கரத்துக்குப் பதிவுப் புத்தகம் கிடையாது என்பதால் விற்பதும் எளிது. அவனுக்கு வேண்டியவை இரண்டே இரண்டு: கொஞ்ச நேரம், சத்தமில்லாத சூழல். ஆகவே எந்தப் பொருளை வாங்கினாலும், அது அவன் வேலையை நீட்டிக்கிறதா அல்லது சத்தம் எழுப்ப வைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பணத்தை வீணாக்காதீர்கள். நட்டுகளின்மேல் மாட்டும் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் மூடிகள் அழகுக்கு மட்டுமே.

லாக் நட் என்பது சாதாரண ஸ்பேனர் பிடிக்காத நட். அதன் முகத்தில் வளைந்து நெளிந்த பள்ளமோ பற்களோ இருக்கும். அதற்குப் பொருந்தும் சாவி சாக்கெட் இல்லாமல் திருப்ப முடியாது. சக்கரத்தில் ஒரு நட் மிஞ்சினாலும் சக்கரம் வெளியே வராது. அதனால்தான் ஒன்று போதும் என்கிறேன். எல்லாவற்றையும் மாற்றினால், சாவி உடைந்தாலோ தொலைந்தாலோ நள்ளிரவில் பஞ்சரான காரோடு நிற்கப் போவது நீங்கள்தான்.

ஆனால் எல்லா லாக் நட்டும் ஒரே தரமல்ல. மலிவானவற்றை வெல்லத் திருடர்கள் கையாளும் வழி முரட்டுத்தனமானது: நட்டைவிடச் சற்றே சிறிய சாக்கெட்டை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். சாக்கெட்டின் பற்கள் நட்டின் வெளிப்புறத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு சாதாரண நட்டைப்போல் திருப்பிவிடலாம். இதைத் தடுக்க நல்ல லாக் நட்டுகளில் வெளிப்புறத்தில் ஒரு வளையம் இருக்கும். அது தனியாகச் சுழலக்கூடியது. சாக்கெட்டை அடித்து ஏற்றித் திருப்பினால் வளையம் மட்டும் சுற்றும், உள்ளே நட் அசையாது. கடையில் வாங்கும்போது அந்த வளையத்தை விரலால் சுழற்றிப் பாருங்கள். சுழல்கிறது, உலோகம் நன்கு கடினப்படுத்தப்பட்டது, சாவி வடிவத்துக்கான குறியீட்டு எண் அட்டை தருகிறார்கள் என்றால் வாங்கலாம். காரோடு தொழிற்சாலையிலேயே வரும் லாக் நட்டுகள் குறைந்த எண்ணிக்கையிலான வடிவங்களில்தான் வருகின்றன. அந்தச் சாவிகளின் தொகுப்பு ஒருவன் கையில் கிடைத்துவிட்டால் பயனில்லை.

இதைவிட முக்கியமானது, நட் உங்கள் சக்கரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது. திருட்டுக்குப் பயந்து பொருந்தாத நட்டைப் போட்டு, ஓடும் காரிலிருந்து சக்கரம் கழன்றுவிடக் கூடாது. நட் ரிம்மில் அமரும் பகுதி மூன்று வகைப்படும்: கூம்பு வடிவம், உருண்டை வடிவம், வாஷரோடு கூடிய தட்டை வடிவம். கூம்பு பெரும்பாலும் 60 பாகை. உருண்டையாகக் குடையப்பட்ட ரிம்மில் கூம்பு நட்டைப் போட்டால் மெல்லிய கோடு ஒன்றில் மட்டுமே அது தொட்டுக்கொண்டிருக்கும். இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும், சில நாட்களில் தளரும். மரையும் அப்படித்தான். நட் ஏறும் மரைத் தண்டுதான் ஸ்டட். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டட்டுகளில் 1.25, 1.5 மில்லிமீட்டர் என இரண்டு மரை இடைவெளிகள் பரவலாக உண்டு. மாற்றிப் போட்டால் முதல் ஓரிரு சுற்று ஏறும், பிறகு சிக்கும். அங்கே ஸ்பேனரால் பலம் கொடுத்தால் ஸ்டட்டின் மரை போய்விடும். விரலாலேயே தடையின்றிக் கடைசிவரை ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் கருவியைத் தொட வேண்டும். உங்கள் காரில் நட்டுக்குப் பதில் போல்ட் இருந்தால் அதன் நீளமும் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும்.

பொருத்தும்போது மூன்று கண்டிப்புகள். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள்; அதே விசையில் நட் அளவுக்கு மீறி இறுகி ஸ்டட்டை இழுத்துவிடும். லாக் நட்டின்மேல் இம்பாக்ட் ரெஞ்ச் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். சாவி உடைவதற்கு முதல் காரணம் அதுதான். டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர் கொண்டு, காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பயணிகள் கார்களில் இது பெரும்பாலும் 80 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காருக்கான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தச் சக்கரத்திலும் லாக் நட்டை வால்வுக்கு அருகிலுள்ள ஸ்டட்டிலேயே போடுங்கள். பஞ்சர் போடுகிறவர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார், தெரியாமல் சாதாரண சாக்கெட்டை வைத்து அதைச் சிதைக்க மாட்டார்.

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. அது காருக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சர் ஆன இடத்தில் பயன்படாது. ஆனால் கண்ணில் படும் இடத்தில் வேண்டாம். வீட்டில் அந்தக் காரை ஓட்டும் எல்லோருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். குறியீட்டு எண்ணைப் படமெடுத்து வையுங்கள். தொலைந்தால் அந்த எண்ணைக் கொண்டுதான் மாற்றுச் சாவி வாங்க முடியும். பட்டறையிலிருந்து காரை எடுக்கும்போது சாவி திரும்ப வந்துவிட்டதா என்று அங்கேயே பாருங்கள். இம்பாக்ட் ரெஞ்சின் முனையிலோ சாக்கெட்டுக்குள்ளேயோ அது தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கழற்றிய பழைய நட்டுகளையும் டிக்கியில் ஒரு பையில் போட்டு வையுங்கள். அலாய் வீலுக்கான நட், இரும்பு ரிம் கொண்ட ஸ்டெப்னிக்குப் பொருந்தாமல் போகக்கூடும்.

இப்போது அலாரம். சாதாரண அலாரம் கதவு, பானெட், டிக்கி திறப்பதைக் கவனிக்கும். சிலவற்றில் கண்ணாடி உடைவதையும் உள்ளே அசைவதையும் கவனிக்கும் உணரிகள் உண்டு. கார் மெதுவாக ஒரு பக்கம் உயர்வது இவற்றில் எதற்கும் தெரியாது. அதற்குச் சாய்வு உணரி வேண்டும். பூட்டிய நேரத்தில் கார் எந்தச் சாய்வில் நின்றதோ அதை நினைவில் வைத்துக்கொண்டு, அது சற்று மாறினாலும் சைரனை எழுப்பும் கருவி அது. உங்கள் காரில் இருக்கிறதா என்று அறியச் சிறந்த வழி, பட்டறையில் காரைப் பூட்டி அலாரம் காவலுக்குத் தயாரான பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கியால் தூக்கச் சொல்வது. ஒலிக்கவில்லை என்றால், உங்கள் அலாரத்தோடு சேர்ந்து வேலை செய்யும் சாய்வு உணரியைத் தனியாகப் பொருத்த முடியுமா என்று நம்பகமான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். லாக் நட்டுக்கு அடுத்தபடி நான் செலவழிக்கச் சொல்வது இதற்குத்தான், ஏனென்றால் ஜாக்கி காரைத் தூக்கத் தொடங்கியதுமே, சக்கரம் வெளியே வருவதற்குள் சத்தம் எழுப்பும் பொருள் இதுதான். காரை இழுவை வண்டியில் ஏற்றும்போது மட்டும் இதை அணைக்க மறக்காதீர்கள்.

நிறுத்தும் இடத்தில் பெரிய மாயம் எதுவும் இல்லை. விளக்கின் கீழ், ஜன்னலிலிருந்து தெரியும்படி, ஒரு பக்கம் சுவரையோ நடைபாதை விளிம்பையோ ஒட்டி நிறுத்துங்கள். அந்தப் பக்கம் ஜாக்கி வைக்கவும் ஸ்பேனர் சுழற்றவும் இடம் குறையும். முன்சக்கரங்களைத் திருப்பி நிறுத்தி ஸ்டியரிங்கைப் பூட்டினால் இன்னும் கொஞ்சம் சிரமம் கூடும். வெளியூர் போய் நாட்கணக்கில் கார் நிற்கப் போகிறதென்றால் சக்கரத்தைக் கவ்விப் பூட்டும், வெளியே தெரியும் வீல் கிளாம்ப் நல்லது. அது ஒரு சக்கரத்தை மட்டுமே காக்கும் என்பதையும், எடுக்காமல் காரைக் கிளப்பினால் மட்கார்டு சேதமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். அடிப்பக்கத்தில் கம்பிக் கயிற்றில் தொங்கும் ஸ்டெப்னிதான் எல்லாவற்றிலும் எளிதாகப் பறிபோவது. அதற்கென்றே பூட்டுகள் கிடைக்கின்றன. பின்கதவில் மாட்டியிருந்தால் அங்கேயும் ஒரு லாக் நட்.

பலர் யோசிக்காத ஆபத்து ஒன்று உண்டு. அடுத்த தெருவில் திருட்டு நடந்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். திருடன் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருக்கும்போது யாரோ வந்துவிட்டால் அப்படியே ஓடிவிடுவான். காலையில் நீங்கள் வந்து பார்க்கும்போது நான்கு சக்கரங்களும் இருக்கும்; நட்டுகள் மட்டும் பாதி கழன்றிருக்கும். அதனால் காரில் ஏறும் முன் ஒரு சுற்று வாருங்கள். நட்டின் முனைகளில் புதிதாகப் பளபளக்கும் கீறல், விலகிய வீல் கவர், அடிவிளிம்பில் ஜாக்கித் தடம், அருகே கிடக்கும் கல், இவற்றில் எது கண்ணில் பட்டாலும் ஓட்டுவதற்கு முன் எல்லா நட்டுகளையும் ஸ்பேனரால் சோதியுங்கள். ஓட்டும்போது மெதுவான வேகத்தில் டக் டக் என்ற சத்தமோ ஸ்டியரிங்கில் புதிய நடுக்கமோ வந்தால், வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து உடனே ஓரம் கட்டுங்கள். தளர்ந்த நட்டோடு ஓடிய ரிம்மில் துளைகள் நீள்வட்டமாகிவிட்டால் அந்த ரிம் இனி உதவாது.

இன்றே செய்யக்கூடிய ஒன்று: நான்கு சக்கரங்களையும் அருகில் படமெடுங்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டையும் குறித்து வையுங்கள். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ரிம்மின் உட்புறத்தில் அழியாத பெயின்ட் பேனாவால் கார் எண்ணை எழுதுங்கள். ஆழமாகச் செதுக்கினால் அலாயில் விரிசல் தொடங்கலாம், அது வேண்டாம். டயர் அழுத்தம் காட்டும் வசதி இருந்து ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் தனி உணரி இருந்தால், அவை ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. பட்டறையில் படித்துத் தருவார்கள். சக்கரங்கள் திரும்பக் கிடைத்தால் அவை உங்களுடையவை என்று நிரூபிக்க இதைவிட வலுவான சான்று கிடையாது. அலாய் வீல் பின்னால் போட்டது என்பதால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, சக்கரம் மட்டும் திருடு போனாலும் இழப்பீடு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில பாலிசிகளில் முழு வாகனமும் போனால்தான் உபகரணங்களுக்குப் பணம் வரும்.

ஒருவேளை திருடு போய்விட்டால் எதையும் நகர்த்தாமல் படமெடுத்து, காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முதலில் தெரிவியுங்கள். திருடன் வைத்த கல் சரியான தாங்குமிடத்தில் இருக்காது. கார் எந்த நேரமும் சரியலாம். அடியில் கையோ தலையோ நுழைக்காதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். பட்டறைக்கு எடுத்துச் சென்றதும் பிரேக் டிஸ்க், அதன் பின்னாலுள்ள தகடு, பிரேக் குழாய்கள், அடிவிளிம்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கார் டிஸ்க்கின்மேல் விழுந்திருந்தால் அது வளைந்திருக்கலாம். புதிய சக்கரங்கள் போட்ட பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும்.